கெட்டிக்காரன் ஒருவன் இருந்தால் போதுமா?

கடையில் வியாபாரம் குறைந்தால் நாம் முதலில் யாரைப் பார்க்கிறோம்? முன்னால் நின்று வாடிக்கையாளரோடு கதைக்கும் சேல்ஸ்மனைத்தான். நேற்று வரை கெட்டிக்காரனாக இருந்தவனுக்கு இன்று என்ன நடந்தது என்று கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன். கேள்வியே பிழை என்பதை எனக்கு உணர்த்தியவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். அமெரிக்காவில் ஒரு வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து வாய்ச்சண்டை பிடித்த நான்கைந்து விளையாட்டு ரசிகர்கள்தான்.

2023 செப்டம்பரில் மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் கன்சாஸ் சிட்டிக்குப் போயிருந்தோம். போய் நாலாம் நாள், 7ஆம் திகதி வியாழன் இரவு, மருமகனோடு வேலை செய்யும் இருவரும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கூடிவிட்டார்கள். அந்த ஊர் அணியான சீஃப்ஸுக்கு அன்றுதான் பருவத்தின் முதல் போட்டி. எதிரே டெட்ரோய்ட் லயன்ஸ். ஏழு மாதங்களுக்கு முன்னர்தான் சீஃப்ஸ் சம்பியனாகியிருந்ததால் எல்லோரும் வெற்றி நிச்சயம் என்ற நினைப்பில் இருந்தார்கள்.

அமெரிக்கர்கள் ஃபுட்போல் என்று சொல்வது நம்முடைய உதைபந்தாட்டம் அல்ல. பார்வைக்கு றக்பி போல இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரம் முன்னேற வேண்டும் (நாம் துணி அளக்கும் அதே யார்தான்). முடியாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று தீர்மானிப்பவரைக் குவாட்டர்பெக் என்கிறார்கள். அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிகள். அதற்குள் எதிரணியின் மலை போன்ற ஆட்கள் அவரைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். அவர்களைத் தடுக்க ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். இந்த ஐவருக்குப் பந்து எறியப்படுவதில்லை, கமெராவும் அவர்கள் பக்கம் திரும்புவதில்லை. தூரத்தில் ஓடிப் போய்ப் பந்தைப் பிடிப்பவருக்குத்தான் கைதட்டல்.

சீஃப்ஸின் குவாட்டர்பெக் பெட்ரிக் மஹோம்ஸ். 2017இல் அணிக்கு வந்தவர். 2020 ஜூலையில் அவரோடு செய்த பத்து வருட ஒப்பந்தத்தின் பெறுமதி 503 மில்லியன் டொலர் வரை போகக்கூடியது. அன்றிரவு அவர் எறிந்த ஒரு பந்து கடேரியஸ் டோனி என்பவரின் இரண்டு கைகளிலும் பட்டுத் துள்ளி எதிரணியாளிடம் போனது. அந்த ஆள் அதை எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கே ஓடிவிட்டார். 21க்கு 20 என்று சீஃப்ஸ் தோற்றது.

அறையில் சண்டை தொடங்கியது. "இந்த மனிதனுக்கு உதவிக்கு ஆளே இல்லை. டைரீக் ஹில்லை விற்ற நாளே நான் சொன்னேன்" என்றார் ஒருவர். "பெப்ரவரி இறுதிப் போட்டியில் பந்தோடு 65 யார் ஓடியவரும் இதே டோனிதானே, அன்றைக்கு உதவிக்கு ஆள் இருந்ததா?" என்றார் மற்றவர். முதலாமவருக்குக் கோபம் வந்துவிட்டது.

நான் வியாபாரிப் புத்தியில், "இவ்வளவு பணம் புழங்கும் கழகம், இன்னும் ரெண்டு நல்ல ஆளைப் பிடிக்க வேண்டியதுதானே மகன்?" என்று கேட்டேன். மருமகன் சிரித்துவிட்டு, "ஏலாது மாமா, பணம் இருந்தாலும் கொடுக்க ஏலாது" என்றார்.

அவர் விளக்கிய விடயம் நம் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. 1994 முதல் அந்த விளையாட்டில் ஒவ்வொரு கழகமும் வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 32 கழகங்களுக்கும் ஒரே வரம்பு. 2022இல் அது 208.2 மில்லியன் டொலர். அதற்குள் 53 பேர் கொண்ட அணியை நடத்த வேண்டும். அந்த வருடம் மஹோம்ஸ் ஒருவரின் கணக்கிலேயே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போனது. மீதியைத்தான் மற்றவர்களுக்குப் பிரிக்க வேண்டும். ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறையும்.

ஹில் விடயம் இங்கிருந்துதான் வருகிறது. அவரது ஓட்டத்தைப் பிடிக்க அந்த விளையாட்டிலேயே ஆள் அரிது. 2022 மார்ச்சில் அவருக்கு 28 வயது. அவர் எதிர்பார்த்த தொகைக்கும் சீஃப்ஸ் கொடுக்க நினைத்ததற்கும் ஒத்துவரவில்லை. மயாமி டொல்பின்ஸ் அவரை எடுத்துக்கொண்டு நான்கு வருட நீடிப்புக்கு 120 மில்லியன் டொலர் எழுதியது. பதிலுக்கு சீஃப்ஸுக்குக் கிடைத்தவை ஐந்து தெரிவு உரிமைகள். கல்லூரிகளிலிருந்து வரும் இளைஞர்களைக் கழகங்கள் முறை வைத்துத் தெரிவு செய்யும்போது பயன்படுத்தும் உரிமைகள் இவை. அப்படி வரும் இளைஞருக்கு முதல் சில வருடங்கள் சம்பளம் அளவோடுதான். பழகிய ஒரு பெரிய கையை விட்டுவிட்டு, பழகாத சின்னக் கைகள் பலவற்றை வாங்கிய பேரம் அது.

நகரமே கொதித்ததாம். மஹோம்ஸின் காலம் முடிந்தது என்றவர்களும் உண்டு. ஹில் மயாமியில் அந்தப் பருவத்தில் 1,710 யார் எடுத்து, தான் விலை போன பொருள் என்று காட்டினார். ஆனால் மஹோம்ஸ் 5,250 யார் எறிந்து எல்லோருக்கும் முன்னால் நின்றார். 2023 பெப்ரவரியில் பிலடெல்பியா ஈகிள்ஸை 38க்கு 35 என்று வென்று கிண்ணத்தையும் எடுத்தார்கள். எனவே கெட்டிக்காரன் இருந்தால் போதும், பந்தைப் பிடிக்க யாரும் பிடிக்கலாம் என்று அந்த அறையில் ஒருவர் வாதாடினார். அப்படியானால் இன்றிரவு ஏன் தோற்றீர்கள் என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை.

அதுவரை வாய் திறக்காதவர் பக்கத்து வீட்டுக்காரர். குழாய் பொருத்தும் வேலைகளை ஒப்பந்தம் எடுப்பவர், ஏழெட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுப்பவர். "நீங்கள் எல்லோரும் பந்து போகும் பக்கத்தையே பார்க்கிறீர்கள்" என்று ஆரம்பித்தார்.

அவர் எடுத்துக்காட்டியது 2021 பெப்ரவரி இறுதிப் போட்டி. அன்று ஹில்லும் இருந்தார், டிராவிஸ் கெல்சியும் இருந்தார். பந்தைப் பிடிக்க அதைவிட நல்ல ஜோடி யாரிடமும் இல்லை. ஆனால் காவல் வரிசையின் இரண்டு ஓரங்களிலும் வழமையாக நிற்கும் எரிக் ஃபிஷர், மிட்செல் ஷ்வார்ட்ஸ் இருவரும் காயத்தால் இல்லை. மஹோம்ஸுக்கு நிற்க இடமில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடுபவர் போல மைதானம் முழுக்க ஓடினார். டம்பா பே பக்கனியர்ஸ் 31க்கு 9 என்று வென்றது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கெட்டிக்காரரால் ஒரு முறைகூட எல்லைக்கோட்டைத் தாண்ட வைக்க முடியவில்லை.

அடுத்த மாதமே கழகம் காசை எங்கே போட்டது என்று பார்க்கச் சொன்னார் அவர். ஜோ தூனி என்ற காவல்காரருக்கு ஐந்து வருடத்துக்கு 80 மில்லியன். ஒர்லாண்டோ பிரவுனை எடுப்பதற்கு முதல் சுற்றுத் தெரிவு உரிமையையே கொடுத்தார்கள். கிரீட் ஹம்ஃப்ரி, ட்ரே ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்களைக் கல்லூரியிலிருந்து எடுத்தார்கள். இதற்கு இடம் உண்டாக்க மஹோம்ஸின் சம்பளத்தில் ஒரு பகுதியை போனஸாக மாற்றிப் பின் வருடங்களுக்குப் பரப்பினார்கள். (இதை விட்டுக்கொடுப்பு என்று சிலர் புகழ்கிறார்கள். கணக்குத் தெரிந்தவனுக்கு அது பின்திகதி காசோலை மாதிரிதான்.) 2022 பருவத்தில் எதிரணிக் குவாட்டர்பெக்குகளை 70 தடவை சாய்த்த பிலடெல்பியா ஆட்களால், இறுதிப் போட்டியில் மஹோம்ஸை ஒரு தடவையும் சாய்க்க முடியாமல் போனது. அதுவும் அவர் கணுக்கால் காயத்தோடு ஆடிய போட்டி.

"இன்றைக்கும் பாருங்கள், டோனியைத் திட்டுகிறீர்கள். கிறிஸ் ஜோன்ஸ் எங்கே இருந்தார்?" என்று கேட்டார். ஜோன்ஸ் தற்காப்பு வரிசையின் தூண். சம்பளத் தகராறினால் ஆடாமல், அன்று மைதானத்தின் மேல்மாடி அறையில் உட்கார்ந்து போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அதற்குப் பிறகு ஆட்டம் மனதில் நிற்கவில்லை. நினைவு புறக்கோட்டைக்குப் போய்விட்டது.

2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபா சொச்சத்திலிருந்து சில வாரங்களில் 360 அளவுக்குப் போனது பலரும் மறந்திராத கதை. மொத்தத் துணி வியாபாரம் செய்யும் எனக்கும் அப்போது ஓர் உச்சவரம்பு வந்தது. சம்பளத்துக்கென்று ஒதுக்கிய தொகைக்கு மேல் ஒரு ரூபாவும் எடுக்க வழியில்லை. அந்த நேரம் பார்த்து என் சேல்ஸ்மனை இன்னொரு கடை கூப்பிட்டது. பதினொரு வருடம் இருந்தவன். குருநாகலிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் வரும் வியாபாரிகள் அவன் பெயரைச் சொல்லித்தான் கடைக்குள் நுழைவார்கள். அவனை விட மனமில்லாமல் சம்பளத்தைக் கூட்டினேன். அதை ஈடுசெய்ய, 19 வருடம் ஸ்டோரைப் பார்த்த நானாவை நிறுத்தினேன். ரோல்களை எடுத்துப்போட நாட்டாமி போதாதா என்பது அன்றைய என் எண்ணம்.

2023இல் சந்தை கொஞ்சம் மூச்சு விட்டது. என் கடை விடவில்லை. காட்டிய நிறம் ஒன்று, பார்சலில் போன நிறம் வேறு. இருக்கும் துணியை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போன பிறகு அதே ரோல் மூலையிலிருந்து வெளியே வரும். நான் சேல்ஸ்மனைத்தான் ஏசினேன். விமானம் ஏறுவதற்கு முதல் நாளும் எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டுத்தான் வந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஏன் முன்னால் நின்று வியாபாரம் பேசவில்லை என்பது அந்த இரவில்தான் எனக்கு விளங்கியது. பாதி நாள் அவன் ஸ்டோரில் ஏணியில் நின்று ரோல் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

நவம்பரில் திரும்பி வந்ததும் மாளிகாவத்தையில் நானாவின் வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்தார், குறை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "முழு நாள் ஏலாது முதலாளி. மத்தியானம் வரைக்கும் வாறன். ஒரு பொடியனைத் தாங்க, பழக்கிவிடுறன்" என்றார். சம்பளத்துக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, சேல்ஸ்மன் தானாக வந்து இந்த வருடம் தனக்குக் கூட்ட வேண்டாம், நானா வந்தால் போதும் என்றான்.

2024 பெப்ரவரி 12, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி தாண்டிக் கடை திறந்து கொஞ்ச நேரம். மருமகன் அழைத்தார். சான் பிரான்சிஸ்கோ அணியை மேலதிக நேரத்தில் 25க்கு 22 என்று வென்று சீஃப்ஸ் மறுபடியும் சம்பியன். அந்தப் பருவம் முழுக்கப் பந்தைத் தவறவிட்ட அணி, குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த தற்காப்பில் இரண்டாம் இடத்தில் இருந்தது. இறுதிப் போட்டியில் ஆட்ட நேரம் முடிய ஏறக்குறைய இரண்டு நிமிடம் இருக்கும்போது எதிரணி எறிந்த பந்தைத் தட்டிவிட்டவர் ட்ரெண்ட் மெக்டஃபி. ஹில்லைக் கொடுத்துக் கிடைத்த உரிமைகளில் இரண்டைச் சேர்த்து 2022இல் எடுத்த இளைஞர் அவர். மேலதிக நேரத்தில் எதிரணிக் குவாட்டர்பெக்கை நெருக்கி அவசரப்படுத்தியவர், தகராறு தீர்ந்து திரும்பி வந்த கிறிஸ் ஜோன்ஸ்.

அதோடு வாதம் முடிந்துவிடவில்லை. 2025 பெப்ரவரியில் அதே பிலடெல்பியா 40க்கு 22 என்று அடித்து நொறுக்கியது. மஹோம்ஸ் ஆறு தடவை தரையில் சாய்ந்தார். காவல் வரிசையின் இடது ஓரத்துக்குத் தகுந்த ஆள் இல்லாமல், நடுவில் நின்று பழகிய தூனியை அங்கே மாற்றி நிறுத்தியிருந்தார்கள். அடுத்த மாதம் அவரை சிகாகோவுக்கு விட்டுவிட்டார்கள். உள்ளே வளர்த்த ஹம்ஃப்ரிக்கு ஏற்கனவே 72 மில்லியன் எழுதியிருந்தார்கள், ஸ்மித்துக்குப் பின்னர் 94 மில்லியன் எழுதினார்கள், எல்லோரையும் வைத்திருக்க வரம்பு இடம் தரவில்லை. 2025 டிசம்பரில் மஹோம்ஸுக்கே முழங்கால் தசைநார் அறுந்தது. இப்போதும் மருமகன் ஹில்லை விட்டது பிழை என்றுதான் சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. தொலைபேசியில் இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மகள் இடையில் வாங்கி வைத்துவிடுகிறாள்.

நானா பழக்கிய பொடியன் இன்று ஸ்டோரைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். எந்த நிறம், எந்த அடுக்கு, எத்தனை யார் மிச்சம், எல்லாம் விரல் நுனியில். போன வாரம் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, வேறொரு கடையில் பன்னிரண்டாயிரம் ரூபா கூடத் தருவதாகக் கூப்பிடுகிறார்கள் முதலாளி என்றான். ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கேட்டிருக்கிறேன். சம்பளப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன்.