அசல் ஜாதி நாய் என்று யார் சொல்வது?



நம்ம தர்மபுரிப் பக்கம் காவலுக்கு நாய் இல்லாத தோட்டம் குறைவு. ஆட்டுப் பட்டிக்கு ஒன்று, நிலக்கடலைக் காட்டில் பன்றி விரட்ட ஒன்று என்று வளர்க்கிறோம். இப்போது "ராஜபாளையம் குட்டி, அசல் ஜாதி" என்று நல்ல விலை சொல்லி விற்கிறார்கள். அசல் என்று யார் சொன்னது? இதைக் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீங்க.

வெள்ளை நிறமும் சிவந்த மூக்கும் இருந்தால் மட்டும் ராஜபாளையம் ஆகிவிடாது. தாய் தகப்பன் மாதிரியே குட்டி, அந்தக் குட்டி ஈனுகிற குட்டியும் அதே மாதிரி என்று தலைமுறைதோறும் மாறாமல் வந்தால்தான் அது இனம். இதற்குக் கண்பார்வை போதாது, எழுதி வைத்த கணக்கு வேணும். அந்தக் கணக்கை வைத்திருப்பது கென்னல் கிளப். இந்திய கென்னல் கிளப்புக்குத் தலைமையிடம் சென்னை. ஒவ்வொரு இனத்துக்கும் உயரம், தலை, காது, வால், நிறம் எப்படி இருக்கணும் என்று இலக்கணம் உண்டு. பதிவாகும் நாயின் தோலுக்கடியில் அரிசி அளவு மைக்ரோசிப் வைக்கிறார்கள். அதன் எண்ணும் பரம்பரைச் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கணும்.

உலக அளவில் பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எப்.சி.ஐ. என்ற கூட்டமைப்பு இருக்கிறது. புது இனம் என்று போனால், ஒன்றுக்கொன்று உறவில்லாத 8 வம்சங்களைக் காட்டச் சொல்கிறது. ஏற்றுக்கொண்டாலும் முதலில் தற்காலிகம்தான். குறைந்தது 10 வருஷம் பார்த்த பிறகே நிரந்தரம். ஏன் இத்தனை கெடுபிடி? சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் குறைகளும் சேர்ந்தே வரும். ராஜபாளையம் நாயில் சில குட்டிகள் பிறவிச் செவிடு. வெள்ளை நிறத்தோடு ஒட்டி வருகிற குறை இது. வாங்கும்போது குட்டிக்குப் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்க. திரும்பாத குட்டி காவலுக்கு உதவுமா?

கிளப்புகளுக்குள்ளேயே பேரில் ஒற்றுமை கிடையாது. கர்நாடகத்து முதோல் நாயை ஒரு கிளப் 'கேரவன் ஹவுண்ட்' என்கிறது, இன்னொன்று 'முதோல் ஹவுண்ட்' என்கிறது. நாய்க்கு இதெல்லாம் தெரியாது!

அரசாங்கப் பதிவு வேறு வழி. 1984-ல் தொடங்கிய தேசிய கால்நடை மரபு வளப் பணியகம் ஹரியானா மாநிலம் கர்னாலில் இருக்கிறது. ஒரு இனம் எந்த ஊர்களைச் சேர்ந்தது, யார் வளர்க்கிறார்கள், எத்தனை இருக்கிறது, அளவுகள் என்ன என்று விவரமும் படமும் கேட்டு, குழு வைத்து முடிவு செய்கிறார்கள். நம்ம பட்டியில் நிற்கிற மேச்சேரி ஆடு அந்தப் பட்டியலில் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் நாய்களும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் ஒன்று: அங்கே பதிவாவது இனம்தான், உங்க வீட்டு நாய் இல்லை. "அரசு பதிவு பெற்ற இனம்" என்று சொல்லி விற்றாலும், அந்தக் குட்டிக்கு உள்ள சான்றிதழைத் தனியாகக் கேட்கணும்.

காவல் மட்டும் போதும் என்றால் சான்றிதழே தேவையில்லை. ஊர் நாய் நன்றாகவே காக்கும். ஜாதி நாய் விலை மட்டும் கொடுக்காதீங்க. குட்டி விற்கிற எண்ணம் இருந்தால், பெட்டை பருவத்துக்கு வந்ததும் மூன்று வாரம் கட்டுக்காவலில் வையுங்க. ஒரே ஈத்தில் இரண்டு கடுவனுக்குக் குட்டி பிறப்பது உண்டு. சேர்த்த தேதி, கடுவனின் சிப் எண், பிறந்த குட்டிகளின் எண்ணிக்கை, இவற்றை அன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்க.