தோற்றது எந்தப் பொதி?

2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பு வெளிவந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்துக்கும் டெபியன்தான் அடித்தளம். ஏறத்தாழ 70 ஆயிரம் மென்பொருள் பொதிகள் என்பதே செய்திகளில் பெரிதாக வந்தது. அந்த எண்ணிக்கை தரத்துக்குச் சான்று ஆகாது. ஒன்றையொன்று நம்பி நிற்கும் இத்தனை பொதிகளில் அன்றாடம் ஏதாவது ஒரு சோதனை தோற்றுக்கொண்டே இருக்கும். எதை உள்ளே விடுவது, எதை வாசலில் நிறுத்துவது?

தோற்றதையெல்லாம் நிறுத்தினால் எதுவுமே நகராது. புதிய நிரலில் பிழை இருக்கலாம். சோதனையே தவறாக எழுதப்பட்டிருக்கலாம். அதற்குள் வைத்த சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கலாம். வேறொரு பொதி மாறியிருக்கலாம். எதுவானாலும் திரையில் தெரிவது தோல்வியைக் குறிக்கும் ஒரே சிவப்பு.

புதிய பொதி முதலில் 'நிலையற்ற' கிளைக்கு வரும். அங்கிருந்து 'சோதனை' கிளைக்குப் போகும். அந்தக் கிளைதான் பின்னர் உறைந்து நிலையான வெளியீடாகிறது. இடையில் காவல் நிற்கும் நிரலின் பெயர் பிரிட்னி. புதிய பொதியின் சோதனையோடு, அதை நம்பியிருக்கும் பொதிகளின் சோதனைகளும் ஓடும். ஒன்று தோற்றால், அந்தப் புதிய பொதி இல்லாத பழைய சூழலில் அதே சோதனை என்ன ஆனது என்று பிரிட்னி பார்க்கும். அங்கும் தோற்றிருந்தால் புதிய பொதி மீது பழி இல்லை. அங்கே தேறி இங்கே தோற்றால் வழி அடைபடும். இத்தனை எளிய ஒப்பீடு இத்தனை பெரிய சிக்கலை அவிழ்ப்பது வியப்புதான்.

காஞ்சிபுரம் பக்கம் திருப்புட்குழியில் ஒரு பட்டு நெசவாளர், புதுச் சாயமேற்றிய சிவப்பு நூலை நனைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறம் இறங்குகிறது. குற்றம் சாயத்திலா, தண்ணீரிலா? பழைய சாய நூலை அதே தண்ணீரில் நனைத்தால் தெரிந்துவிடும். அதோடும் முடியாது. சிவப்பு நூல் சேலையின் கரையாகிக் கோர்வையில் வெள்ளை உடலோடு சேரப்போகிறது. வெள்ளை நூலையும் உடன் நனைக்க வேண்டும். வெளுக்காத சிவப்பும் பக்கத்து நூலில் ஏறலாம். தண்ணீரையும் சாயத்தையும் ஜரிகையையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், கறைக்குக் காரணம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. பிரிட்னியும் இயன்றவரை ஒரு பொதியை மட்டும் புதிதாக்கி, மற்றதைப் பழையபடி வைத்தே சோதிக்கிறது.

எதுவும் மாறாமலே இன்று தேறி நாளை தோற்கும் சோதனைகளும் உண்டு. அவற்றை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். பச்சை வரும்வரை ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. எப்போதாவது மட்டும் தலைகாட்டும் உண்மையான பிழை அப்படித்தான் தப்பிவிடுகிறது.

எச்சரிக்கையை அடக்குவதற்கும் ஆராய்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட, வரலாற்றில் இரண்டு நிகழ்வுகள் போதும். 2006இல் வால்கிரிண்ட் என்ற பிழைகாண் கருவியின் எச்சரிக்கையை அடக்க, டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கப் பொதியில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. எச்சரிக்கை நின்றது, மறையாக்கச் சாவிகள் எளிதில் ஊகிக்கக் கூடியவையாகின. 2008 மே மாதம் வரை அது வெளியே தெரியவில்லை. 2024இல் எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலில் நுழைந்த பின்கதவு, சோதனைக்கான மாதிரிக் கோப்புகளுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. டெபியனின் சோதனைக் கிளை வரை வந்தும்விட்டது. நிலையான வெளியீட்டை எட்டவில்லை. உள்நுழைவு அரை நொடி தாமதமாவதையும் வால்கிரிண்ட் காட்டிய பிழைகளையும் ஒதுக்கித் தள்ளாத ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைப் பிடித்தார்.

ஆகவே 'எல்லாச் சோதனைகளும் தேறின' என்ற விளம்பரத்தைக் கண்டால், எத்தனை சோதனைகள் தவிர்க்கப்பட்டன, எத்தனை மறுபடி ஓட்டப்பட்டன என்று கேட்க வேண்டும். டெபியனிலேயே பல பொதிகளுக்கு இத்தகைய சோதனை இல்லை. அவை சில நாள் காத்திருந்து, கடுமையான பிழை எதுவும் பதிவாகாவிட்டால் நகர்ந்துவிடும். சோதனை எழுதித் தேறிய பொதிக்கு அந்தக் காத்திருப்பு குறைகிறது. அந்தச் சோதனையை எழுதித்தர எந்தக் கல்லூரி மாணவரும் முன்வரலாம். டெபியன் தன்னார்வலர்களால் நடப்பது.