நாளை என்னும் மாயம்

கதை எழுதும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. தேர்வு முடியட்டும், விடுமுறை வரட்டும் என்று நாளைக் கடத்துகிறோம். எங்கள் ஊர்க் கிணறு வெட்டிய நாள்களைப் பற்றிப் பாட்டி சொன்னதைச் சிறுகதையாக்க எண்ணி, முதலாண்டில் நோட்டில் ஒரு வரி எழுதினேன். ஓராண்டு அது அப்படியே நின்றது. ஐயம் கேட்க இன்று பாட்டி இல்லை.

இத்தள்ளிப்போடுதலுக்குச் சோம்பலைவிட அச்சமே பெருங்காரணம். முதல் வரியே உயர்ந்ததாக அமைய வேண்டுமென அஞ்சித் தொடங்காமலே இருந்துவிடுகிறோம். நிற்கும் வண்டியை நகர்த்தத் தேவையான விசை, நகரும் வண்டியைத் தள்ளத் தேவையானதைவிட அதிகம் என்பது இயற்பியல். எழுத்திலும் தொடக்கமே கடினம்.

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் (1815–1882) அஞ்சல் துறையில் பணியாற்றியவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுத அமர்வார். முதல் அரைமணி, முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். வண்டி உருளத் தொடங்கிவிடும். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால்மணிக்கு 250 சொற்கள் எழுதுவார். இவ்வாறு 47 நாவல்கள் படைத்தார்.

நமக்கு அத்துணை வேண்டாம். நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒரு பக்கம் போதும். நேற்றைய பக்கத்தைப் படித்துவிட்டுத் தொடங்குவோம். நன்றோ தீதோ, எழுதி வைப்போம். எழுதிய பக்கத்தைப் பின்னர் திருத்தலாம், எழுதாத பக்கத்தை யார் திருத்துவது?

இம்முறையில் பன்னிரண்டு நாளில் கிணற்றுக் கதையை முடித்தேன். பாட்டியிடம் படித்துக் காட்டத்தான் முடியவில்லை. நண்பர்களே, உங்கள் முதல் வரியை இன்றே எழுதுங்கள்!