வன்தட்டை மாற்றும்போது தமிழைக் காத்தல்

திரையும் கணினியும் ஒரே உடலாக அமைந்த ‘ஆல்-இன்-ஒன்’ மேசைக்கணினி, இடம் சுருங்கிய சிங்கப்பூர் வீடுகளுக்கும் சங்க அலுவலகங்களுக்கும் ஏற்றது. சில ஆண்டுகள் உழைத்தபின் அதில் முதலில் தளரும் உறுப்புகளுள் ஒன்று வன்தட்டு. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே சென்றடையும் சிம் லிம் ஸ்குவேரில் கணினிக் கடைகள் பல உள்ளன. ஆயினும், தட்டை மாற்றுவது ஒரு பணி. அதிலுள்ள தமிழைக் காப்பது மற்றொரு பணி. இரண்டாவதைக் கடைக்காரரிடம் ஒப்படைக்க இயலாது.

முதலில் கருவியைப் பார்ப்போம். 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 50 தட்டுகள் சுழன்றன. அவை அனைத்தும் சேர்ந்து கொண்டது ஏறத்தாழ 5 மெகாபைட் மட்டுமே. இன்றைய வன்தட்டும் அதே நெறியில் இயங்குகிறது: காந்தப் பூச்சுடைய தட்டு சுழல, அதன்மேல் ஒரு முனை நகர்ந்து எழுதுகிறது, படிக்கிறது. நகர்வது தேயும். திண்மநிலை வட்டில் நகரும் உறுப்பே இல்லை. எனவே விரைவு மிகுதி, அதிர்ச்சியால் கெடும் வாய்ப்புக் குறைவு. பழைய கணினிக்குப் புத்துயிர் தர இம்மாற்றம் ஒன்றே பல வேளைகளில் போதும்.

ஆல்-இன்-ஒன் கணினி பலவற்றில் திரையைக் கழற்றினால்தான் தட்டை எட்ட முடியும். 2009 முதல் 2011 வரை வந்த ஐமேக்கில் முகப்புக் கண்ணாடி காந்தத்தால் நின்றது. 2012இன் இறுதியில் வந்த மெல்லிய வடிவம் முதல் திரை பசைநாடாவால் ஒட்டப்பட்டது. ஒட்டியதை அறுத்துத் திறந்தால் புதிய நாடா வேண்டும். 2011 ஐமேக்கிலோ, பொருந்தாத தட்டை இட்டால் விசிறி முழு வேகத்தில் சுழலத் தொடங்கும். ஆகவே மாதிரியின் பெயர், ஆண்டு, தட்டின் அளவு 3.5 அங்குலமா 2.5 அங்குலமா, இணைப்பு சாட்டா வகையா என்பவற்றை முன்னரே அறிந்துகொள்ளுதல் வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கிய பின்னரே கருவியைத் திறத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி மொழிக்கு வருவோம். தட்டைப் படியெடுக்கும் மென்பொருள் எண்களைப் படியெடுக்கிறதேயன்றி எழுத்துகளை அறியாது. ஒருங்குறி பரவுவதற்கு முன் தட்டச்சான தமிழ், குறிப்பிட்ட எழுத்துருவை நம்பியே வாழ்ந்தது. புதிய தட்டில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போது அவ்வெழுத்துரு விடுபட்டால், கோப்பு திறக்கும். ஆனால் கட்டுரை இருந்த இடத்தில் பொருளற்ற ஐரோப்பியக் குறிகளே தோன்றும்.

இச்சிக்கல் சிங்கப்பூருக்கு அணுக்கமானது. கணினித் தமிழின் முன்னோடியான நா. கோவிந்தசாமி வாழ்ந்த நகரம் இது. குறியாக்கங்களை ஒருமுகப்படுத்தும் முயற்சிக்கு வழிவகுத்த தமிழ்நெட் 97 மாநாடு இங்கே கூடியது. 2000இல் உத்தமம் அமைப்பும் இங்கே உருவானது. அக்காலத்தில் கணியன், முரசு அஞ்சல், திஸ்கி, 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த தாம், தாப் எனப் பல முறைகள் வழக்கில் இருந்தன. ஒரே எழுத்தாளரின் வன்தட்டில் இவற்றுள் இரண்டு மூன்று கலந்திருத்தல் இயல்பே.

இம்முறைகள் எண்களில் மட்டும் வேறுபடவில்லை. எழுத்தைப் பற்றிய கருத்திலேயே வேறுபட்டன. திஸ்கியில் ‘கொ’ என்பது கண் காணும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகள். ஒருங்குறியிலோ அது ககரம், ஒகர உயிர்க்குறி என இரண்டே. மூல முறையை அறியாமல் மாற்றினால் கொம்பு அடுத்த எழுத்தில் போய் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாத பிழையும் உண்டு. ‘ஔவை’ என்பதன் முதலெழுத்து ஓர் உயிரெழுத்து. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவை’ என்றாலும் பார்வைக்கு ஏறத்தாழ அதுவே. ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது.

எனவே பணியின் வரிசை இதுவாதல் நலம். பழைய தட்டு இயங்கும்போதே கோப்புகளை இரு வேறு இடங்களில் படியெடுக்க. எழுத்துருக் கோப்புகளையும் உடன் சேர்க்க. ஒவ்வொரு கோப்பும் எந்த எழுத்துருவில் அமைந்தது எனப் பட்டியலிடுக. முதன்மையானவற்றை எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் வடிவில் சேமிக்க; பக்கத்தின் தோற்றத்திற்கு அது சான்றாக நிற்கும். பின்னர் ஒருங்குறிக்கு மாற்றி, அச்சான்றோடு ஒப்பிட்டுப் படிக்க. அதன் பின்னரே கணினியைத் திறக்க. புதிய தட்டில் எல்லாம் சரியெனக் கண்டபின், பழையதை முழுவதும் அழித்து, 2021 முதல் இங்கு நடைமுறையில் உள்ள மின்கழிவுச் சேகரிப்பில் சேர்க்கலாம்.

ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் வேறுபடுவதில்லை. அவற்றை அறிந்து படித்தவர்களாலேயே நூல்கள் பிழையின்றி அச்சேறின. புதிய ஓலையும் புதிய தட்டும் விலைக்குக் கிடைப்பவை. படியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு, அன்றும் இன்றும், அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவருடையது.