போன கடிதங்கள் திரும்பி வருமா?

'ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்' என்பது நம் நாட்டு வழக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் வட்டாரத்தில் ஒரு கார் உருவாவதும் தேர் இழுப்பது போன்றதே. 1998-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010-இல் ஓரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் அங்கேயே டெய்ம்லர் லாரி ஆலையும் இயங்கத் தொடங்கின. இவற்றுக்கு இருக்கை, ரப்பர், கம்பி, போல்ட் என்று ஒவ்வொன்றையும் செய்து கொடுக்கும் சிறு தொழிற்கூடங்கள் பல உள்ளன. இத்தனை பேரையும் ஒன்றாக இழுத்துப் பிடிக்கும் வடம் எது தெரியுமா? மின்னஞ்சல்தான்! எத்தனை உருப்படி வேண்டும், எந்தத் தேதிக்கு வேண்டும், வரைபடத்தில் எந்த அளவு மாறியது என்பதெல்லாம் கடிதமாக அதில்தான் வருகின்றன. அந்த வடம் அறுந்தால் என்ன ஆகும்? அறுந்ததை மீண்டும் முடிவது எப்படி? அதையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

1971-ஆம் ஆண்டு ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொரு கம்ப்யூட்டருக்கு வலைப்பின்னல் வழியே முதன் முதலாகக் கடிதம் அனுப்பினார். நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இண்டர்நெட் வசதியைத் திறந்து வைத்தது. அதன் பிறகு மின்னஞ்சல் மெல்ல மெல்ல வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வந்தது.

நம் கடிதங்கள் கைபேசிக்குள் இருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். உண்மையில் நம் அஞ்சல் பெட்டி 'சர்வர்' எனப்படும் வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஊருக்கு ஒரு தபால் நிலையம் போல, ஒரு நிறுவனத்துக்கு ஒரு சர்வர். அதில் நூறு பேருடைய பெட்டிகள் இருக்கலாம், ஆயிரம் பேருடைய பெட்டிகளும் இருக்கலாம். அதன் ஹார்டு டிஸ்க் தேய்ந்து பழுதாகலாம். திடீரென மின்சாரம் போகலாம். மென்பொருளில் பிழை நேரலாம். தீயவர்கள் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கலாம். எது நடந்தாலும் அத்தனை பெட்டிகளும் ஒரே நேரத்தில் மூடிக் கொள்ளும்.

சர்வர் படுத்துவிட்ட நேரத்தில் நமக்கு வரும் கடிதங்கள் தொலைந்து போகுமா? பெரும்பாலும் போகா. தபால் நிலையம் பூட்டியிருந்தால் தபால்காரர் கடிதத்தைக் கிழித்துப் போடுவதில்லை அல்லவா? அதுபோல, அனுப்பும் சர்வர் அக்கடிதத்தை வரிசையில் வைத்துக் கொண்டு மீண்டும் மீண்டும் வந்து கதவைத் தட்டும். குறைந்தது 4, 5 நாட்களாவது முயல வேண்டும் என்பது மின்னஞ்சலுக்கென வகுக்கப்பட்டுள்ள உலகப் பொது விதி. அதன் பிறகே 'சேர்க்க இயலவில்லை' என்று அனுப்பியவருக்கே திருப்பிவிடும்.

ஆகவே அனுபவம் உள்ளவர்கள் முதலில் செய்வது, புதிய சர்வர் ஒன்றில் எல்லாருக்கும் வெற்றுப் பெட்டி திறந்து கொடுப்பதாகும். பழைய கடிதம் ஒன்றும் அதில் இராது. ஆனால் புதியவை வரும், போகும், வேலை நடக்கும். பழையவற்றைப் பின்னர் மீட்டு அதே பெட்டியில் சேர்ப்பார்கள். இடிந்த வீட்டைக் கட்டி முடிக்கும் வரை கொட்டகையில் குடியிருப்பது போல!

பழைய கடிதங்களை மீட்பது எப்படி? மளிகைக் கடையில் இரண்டு கணக்குகள் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அன்றன்று நடந்ததை வரிசையாக எழுதுவது சிட்டை. அதை ஆள் வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. பெரிய அஞ்சல் சர்வர்களிலும் இவ்வாறே வந்த கடிதம் முதலில் சிட்டையில் பதிவாகிறது. பிறகுதான் பேரேட்டில் உரியவர் பக்கத்துக்குப் போகிறது. பேரேடு கெட்டுவிட்டால், ஞாயிறு இரவு எடுத்து வைத்த பேரேட்டின் நகலை வெளியே எடுத்து, திங்கள் முதல் எழுதிய சிட்டையை ஒவ்வொரு வரியாக அதில் மீண்டும் ஏற்றுவார்கள். சிட்டை நல்ல நிலையில் இருந்தால் விபத்துக்கு முந்தைய நிமிடம் வரை வந்த கடிதங்களும் கிடைத்துவிடும். இதனால்தான் சிட்டையையும் பேரேட்டையும் ஒரே டிஸ்க்கில் வைக்கலாகாது என்கிறார்கள்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைத் தெரிந்து கொள்ள வேண்டும். நகல் வேறு, காப்பு வேறு. முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் உருவமும் நகல்தான். ஆனால் நம் நெற்றியில் கரி பட்டால் அதன் நெற்றியிலும் கரி தெரியும்! 2011 பிப்ரவரி 27 அன்று கூகுள் நிறுவனத்தின் ஜிமெயிலில் நடந்தது இதுவே. வெவ்வேறு இடங்களில் பல நகல்கள் வைத்திருந்தார்கள். ஆயினும் புதிதாக ஏற்றிய மென்பொருளில் இருந்த ஒரு பிழை, சிலருடைய கடிதங்களின் எல்லா நகல்களையும் பாதித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 0.02 சதவீதம், அதாவது 10,000 பேருக்கு 2 பேர். அவர்கள் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை.

அவர்களைக் காப்பாற்றியது என்ன தெரியுமா? காந்த நாடா! பழைய காலத்துப் பாட்டு கேசட்டில் இருந்த நாடாவைப் போன்றதுதான். கடிதங்களை அதில் பதிந்து, சர்வரிலிருந்து பிரித்துத் தனியே வைத்திருந்தார்கள். பிரிந்து இருந்ததால் பிழை அதைத் தொடவில்லை. நாடாவிலிருந்து படிப்பதற்கு நேரம் பிடித்தது. எனினும் அடுத்து வந்த நாட்களில் கடிதங்கள் திரும்பக் கிடைத்தன.

எல்லாருக்கும் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. 2022 டிசம்பர் 2 அன்று அமெரிக்காவின் ராக்ஸ்பேஸ் நிறுவனத்தின் ஓர் அஞ்சல் சேவைக்குள் பணம் பறிப்போர் புகுந்தனர். அச்சேவையை நம்பியிருந்த வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 30,000 பேர். நிறுவனம் அவர்களை வேறு அஞ்சல் சேவைக்கு மாற்றியது. பழைய கடிதங்களை மீட்டுத் தருவதற்குப் பல வாரங்கள் ஆயின. அந்தப் பழைய சேவையை அவர்கள் திரும்பக் கட்டவே இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். என் தந்தையார் ஓரகடம் அருகே ஒரு சிறிய உதிரிபாகத் தொழிற்கூடத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் பணி செய்கிறார். அங்கே ஒரு நாள் சர்வரின் டிஸ்க் பழுதாயிற்று. இரவு தோறும் காப்பு எடுக்கப்படுவதாகவே எல்லாரும் நம்பியிருந்தார்கள். திறந்து பார்த்தால் நான்கு மாதங்களாக ஒன்றும் பதிவாகவில்லை! 'அறுநூறு போதும்' என்று ஆலையிலிருந்து வந்த திருத்தக் கடிதம் அதில் போயிற்று. பழைய ஆணைப்படி ஆயிரம் செய்வதா, அறுநூறு செய்வதா என்று இயந்திரங்கள் அரை நாள் நின்றன. அக்கடிதம் கடைசியில் கிடைத்தது, அனுப்பியவருடைய பெட்டியில்! அனுப்பிய கடிதங்களின் பகுதியில் அது பத்திரமாக இருந்தது. மற்ற கடிதங்களில் பலவற்றை ஊழியர்களின் மேசைக் கம்ப்யூட்டர்களில் இறங்கியிருந்த பிரதிகளிலிருந்து திரட்டினார்கள். ஒரு கடிதத்துக்கு எப்போதும் இரண்டு முனைகள் உண்டு என்பதை அன்று அறிந்து கொண்டேன்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பல கம்ப்யூட்டர்களும் கைபேசிகளும் சர்வரில் இருப்பதையே அப்படியே காட்டும்படி அமைக்கப்பட்டவை. புதிய வெற்றுப் பெட்டியோடு அவற்றை இணைத்தால், 'அங்கே ஒன்றும் இல்லையே' என்று தம்மிடம் இருக்கும் பழைய கடிதங்களையும் அழித்துவிடக்கூடும்! ஆகையால் சர்வர் கெட்டது என்று தெரிந்தவுடன், உங்கள் கம்ப்யூட்டரை இண்டர்நெட் இணைப்பிலிருந்து பிரித்து, அதில் உள்ள கடிதங்களை முதலில் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துக் கொள்ள வேண்டும்.

காப்பை எங்கே வைப்பது? 2015 டிசம்பரில் சென்னையையும் காஞ்சிபுரம் மாவட்டத்தையும் மூழ்கடித்த வெள்ளத்தை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். நம் வட்டாரத்துக் கார் ஆலைகளும் அப்போது உற்பத்தியை நிறுத்தின. சர்வரும் அதன் காப்பும் ஒரே அறையில் இருந்தால் ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டு போய்விடும். இதற்கு அறிஞர்கள் '3-2-1' என்று எளிய விதி ஒன்று சொல்கிறார்கள். மொத்தம் 3 பிரதிகள். 2 வகைச் சாதனங்களில். அவற்றுள் 1 வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். இத்துடன் நான் ஒன்றைச் சேர்ப்பேன். மாதம் ஒரு முறையாவது காப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்துப் பார்க்காத காப்பு, நீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காத கிணறு போன்றது.

அன்புத் தோழியரே! இவை பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரிய செய்தியல்ல. நாளை நாம் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது வரும் அனுமதிக் கடிதம், உதவித்தொகைக் கடிதம், அக்காவின் வேலை உத்தரவு, வெளிநாட்டிலுள்ள மாமா அனுப்பிய படங்கள் யாவும் எங்கோ ஒரு சர்வரில்தான் இருக்கின்றன. முக்கியமான கடிதம் வந்த அன்றே ஒரு பிரதி எடுத்துத் தனியே வையுங்கள்; தாளில் அச்சிட்டுக் கோப்பில் போட்டாலும் நன்றே. பெற்றோரே! உங்கள் அலுவலகத்தில், 'நம் காப்பைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தோம்?' என்று ஒரு முறை கேளுங்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது வயலுக்கும் வரப்புக்கும் மட்டுமன்று.