கத்தரிக்கோலுக்குத் தப்பிய கட்டங்கள்

செந்துறையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். பொடி, புகையிலை, சீட்டாட்டம் எதுவும் அவரை அண்டியதில்லை. ஆனால் பென்ஸிலும் கையுமாகக் குறுக்கெழுத்துக் கட்டத்தின் முன் உட்கார்ந்துவிட்டாரானால், அடுப்பில் பால் பொங்குவதும் தெரியாது. அரியலூர் பஸ் போவதும் தெரியாது. சென்ற மாதம் அவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"நீர் பட்டணம் போகிறீரே, தமிழில் நல்ல குறுக்கெழுத்துத் தொகுதி ஒன்று வாங்கி வாரும். பரிசுப் போட்டி ரகம் வேண்டாம். சிலேடை ரகம்தான் வேண்டும்."

இரண்டுக்கும் என்ன பேதம் என்று வாசகர்கள் கேட்கலாம். நண்பரே புனைந்த குறிப்பு ஒன்று: ‘கொடுக்கச் சொன்னதும் மான் குளத்தில் மலர்ந்தது (3)’. மான் எங்கே, மலர்வது எங்கே என்று மயங்க வேண்டியதில்லை. கொடுக்கச் சொல்வது ‘தா’; மானில் ஓர் இனம் ‘மரை’; இரண்டும் சேர்ந்தால் குளத்தில் மலர்கிற தாமரை. விடை தெரிந்துவிட்டால் பிறகு ஐயத்துக்கு இடமில்லை.

பரிசுப் போட்டியோ வேறு ஜாதி. 1930-களில் ‘ஆனந்த விகடன்’ முதலிய பத்திரிகைகள் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியபோது வீடுதோறும் அதே பேச்சு. இத்தகைய போட்டிகளில் ஒரே குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்துவதுண்டு. அவற்றில் எது சரியென்பது போட்டி நடத்துகிறவரின் சித்தம். புத்தியைவிட அதிர்ஷ்டமே அங்கே பெரிது. 1955-ஆம் ஆண்டில் சர்க்கார் பரிசுப் போட்டிச் சட்டம் இயற்றி, மாதப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேல் போகலாகாது என்று வரம்பு கட்டியது. திறமைக்கு இடமில்லாத போட்டி சூதாட்டமே என்று 1957-இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிற்று. அந்தப் பழைய விடைகளைத் தொகுத்து வைத்து நண்பர் என்ன செய்வார்?

இங்கிலீஷ்காரருக்கு இந்தக் கவலை இல்லை. ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21-ஆம் தேதி நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வைர வடிவத்தில் முதற் கட்டத்தை வெளியிட்டார். 1924-இலேயே, பென்ஸிலோடு சேர்த்து விற்ற தொகுதிப் புத்தகம் வந்துவிட்டது. நம் நாட்டிலும் இங்கிலீஷ் புதிருக்குப் பஞ்சமில்லை. கடற்படைக்கு முதல் இந்தியத் தலைமைத் தளபதியாயிருந்த செங்கற்பட்டுக்காரர் அட்மிரல் கட்டாரி, ஓய்வு பெற்ற பின் ‘ஹிந்து’ பத்திரிகைக்குச் சிலேடைப் புதிர் அமைத்தார். கப்பலை விட்டவர் கட்டத்தைப் பிடித்தார்!

தமிழில் இந்த வித்தை அந்நியமா என்றால், அதுதான் வேடிக்கை. தண்டியலங்காரத்தின் சித்திரகவிப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். பல வினாக்களின் விடைகளைக் கோத்தால் ஒரு சொல் பிறக்கும் வினாவுத்தரம். ஒரு பாட்டினுள் மற்றொரு பாட்டை ஒளித்து வைக்கும் காதை கரப்பு. எழுத்தைக் கூட்டக் கூட்டப் பொருள் மாறும் எழுத்து வருத்தனம். வரிக்கு எட்டெழுத்தாக நான்கு வரியில் அமைத்து, நேராகவும் சுழன்றும் படிக்கச் செய்யும் சுழிகுளம் ஏறக்குறையக் குறுக்கெழுத்துக் கட்டமேதான். சம்பந்தர் மாலைமாற்றிலேயே ஒரு பதிகம் முழுவதும் பாடியிருக்கிறார்.

ஆனால் கட்டம் கட்டுவது நமக்குச் சிரமம். இங்கிலீஷில் 26 எழுத்து, நமக்கு 247. ஒரு கட்டத்தில் ‘தா’ விழுந்தால் குறுக்கே வரும் சொல்லிலும் ‘தா’வே வரவேண்டும்; ‘த’வும் உதவாது, ‘தி’யும் உதவாது. இத்தனை தொல்லைக்கு நடுவில் சிலேடையும் செய்ய வேண்டும். அப்படிச் செய்தவர்கள் இல்லாமற் போகவில்லை. அமெரிக்கத் தமிழரின் ‘தென்றல்’ மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் இந்த ரகம்தான். அமைப்பாளர் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவதே உத்தமமான வழி. ‘குறுக்கெழுத்து’ என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் பொது அறிவுப் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறார். எனக்கு நான்கு கடையிலும் அதுவே கிடைத்தது.

பழைய இதழ்களில் தேடலாமே என்று தோன்றும். கன்னிமரா நூலகமும், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த புத்தகங்களைக் கொண்டு 1994-இல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. தனியார் வீட்டுப் பரணில் தேடுகிறவர்களுக்குத்தான் சோதனை. போட்டிக்கு அனுப்பக் கத்தரித்தவை போக, மிஞ்சியவை பழைய பேப்பர்க்காரரிடம் போயின.

வெறுங்கையோடு செந்துறைக்குத் திரும்பினேன். நண்பர் சிறிதும் வருந்தவில்லை. உள்ளே போய்க் கனமான பைண்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்தார். அவருடைய தாயார், வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்தது. கதாநாயகி ஆற்றில் குதித்த அத்தியாயம் முடிந்து, பக்கத்தைப் புரட்டினால் குறுக்கெழுத்துக் கட்டம்! கதையைக் காப்பாற்றியவள் தன்னை அறியாமலே புதிரையும் காப்பாற்றியிருக்கிறாள். அந்த ஒரு புத்தகத்தில் பதினோரு கட்டங்கள்; ஏழு பரிசு ரகம், நான்கு சிலேடை.

"இன்னும் மூன்று பைண்டு இருக்கிறது" என்றார் நண்பர். "இந்த ஊரில் எத்தனை வீட்டுப் பரணில் இப்படிக் கதைகள் கிடக்கின்றனவோ! நாளைக்கு வடக்குத் தெரு அத்தை வீட்டில் ஏணி போடப் போகிறேன். நீரும் வாரும்."