சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் அணியின் சொந்த அரங்குகள்

சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் நகரில் 1967 முதல் 2008 வரை விளையாடிய தொழில்முறைக் கூடைப்பந்து அணியாகும். சோனிக்ஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட இவ்வணி, என்.பி.ஏ. எனப்படும் தேசிய கூடைப்பந்துச் சங்கத்தில் அங்கம் வகித்தது. 41 ஆட்டப் பருவங்களில் மூன்று கட்டடங்கள் இவ்வணிக்குச் சொந்த அரங்காக விளங்கின. அவற்றுள் ஒன்றைப் புதுப்பிப்பதற்கான செலவை யார் ஏற்பது என்ற பிணக்கே அணி நகரை விட்டு வெளியேறக் காரணமாயிற்று. 2008 முதல் இவ்வணி ஓக்லஹோமா சிட்டி தண்டர் என்ற பெயரில் விளையாடி வருகிறது.

சொந்த அரங்கு

என்.பி.ஏ.வில் ஓர் அணி ஒரு பருவத்தில் 82 ஆட்டங்களில் விளையாடும். அவற்றுள் பாதி அவ்வணியின் சொந்த அரங்கில் நடைபெறும். அரங்கு அணியின் உடைமையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல நகரங்களில் அது நகராட்சியின் உடைமையாக இருக்க, அணி அதனைக் குத்தகைக்குப் பயன்படுத்துகிறது. நுழைவுச்சீட்டு, வாகன நிறுத்தம், உணவு விற்பனை, நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கும் சொகுசு அறைகள் ஆகியவற்றின் வருவாயில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் குத்தகை ஒப்பந்தமே முடிவு செய்யும். பின்னர் எழுந்த பிணக்கைப் புரிந்துகொள்ள இது இன்றியமையாதது.

சியாட்டில் சென்டர் கொலிசியம் (1967–1978, 1985–1994)

1962 ஆம் ஆண்டில் சியாட்டிலில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்காக, வாஷிங்டன் மாநில அரசின் காட்சிக்கூடமாக இக்கட்டடம் எழுப்பப்பட்டது. இதனை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் பால் தைரி. உள்ளே தூண்கள் ஏதுமின்றி, குதிரைச் சேணம் போல வளைந்த பரப்புகளால் ஆன கூரையை நான்கு பெரிய கற்காரைத் தாங்கிகள் சுமக்கின்றன. கண்காட்சிக்குப் பின்னர் இது விளையாட்டரங்காக மாற்றப்பட்டது. 1967 இல் தொடங்கப்பட்ட சோனிக்ஸ் அணி இங்கேயே குடியேறியது. போயிங் நிறுவனம் அப்போது வடிவமைத்து வந்த, ஒலியினும் விரைவாகப் பறக்கவல்ல பயணியர் விமானத்தை ஒட்டியே அணிக்குப் பெயரிடப்பட்டது. அவ்விமானத் திட்டம் 1971 இல் கைவிடப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்தது.

ஏறத்தாழ 14,000 பேர் அமரக்கூடிய இவ்வரங்கின் குறை அதன் கூரையே. 1986 ஜனவரி 5 அன்று பீனிக்ஸ் சன்ஸ் அணியுடனான ஆட்டத்தின்போது மழைநீர் ஆடுகளத்தில் ஒழுகி, ஆட்டம் இரண்டாம் கால்பகுதியில் நிறுத்தப்பட்டு மறுநாள் முடிக்கப்பட்டது. நான்கு சுவர்களுக்குள் ஆடப்படும் ஒரு விளையாட்டு மழையால் தடைப்பட்டது என்.பி.ஏ. வரலாற்றில் இதுவே முதன்முறை.

கிங்டோம் (1978–1985)

கிங் மாவட்ட நிர்வாகம் கட்டி 1976 இல் திறந்த இந்தக் கற்காரைக் குவிமாட அரங்கு, முதன்மையாக அமெரிக்கக் காற்பந்து, பேஸ்பால் ஆகியவற்றுக்கானது. 1978 இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டம் இங்கு நடத்தப்பட்டபோது 39,457 பேர் திரண்டனர். அச்சுற்றில் வாஷிங்டன் புல்லட்ஸ் அணியிடம் சோனிக்ஸ் 4–3 என்ற கணக்கில் தோற்றது. அடுத்த பருவத்தில் அணி கிங்டோமுக்கே இடம்பெயர்ந்து, 1979 இல் அதே புல்லட்ஸ் அணியை 4–1 என வென்று தனது ஒரே வாகையர் பட்டத்தைப் பெற்றது. 1979–80 பருவத்தில் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 21,000க்கும் அதிகமானோர் வந்தனர். அது அந்நாளில் என்.பி.ஏ. சாதனையாகும்.

ஆயினும் பிறருக்கான வீட்டில் குடியிருப்பதன் சங்கடம் விரைவில் வெளிப்பட்டது. 1980 இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கு எதிரான மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின்போது கிங்டோம் பேஸ்பால் அணிக்குத் தேவைப்பட்டது. எனவே சோனிக்ஸ் தனது இரு சொந்த அரங்க ஆட்டங்களை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சிறிய உள்ளரங்கில் ஆடித் தோற்றது. கிங்டோம் 2000 மார்ச் 26 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் கடன்பத்திரங்களுக்கான தொகையை மக்கள் 2015 வரை செலுத்தி வந்தனர் என்பது, இத்தகைய அரங்குகளின் ஆயுளையும் அவற்றின் கடனின் ஆயுளையும் ஒப்பிட நல்ல எடுத்துக்காட்டு.

கீ அரீனா (1995–2008)

1994 இல் நகர நிர்வாகம் பழைய கொலிசியத்தை மாற்றியமைக்க முற்பட்டது. 1994–95 பருவம் முழுவதும் அணி அண்டை நகரான டகோமாவின் மரக் குவிமாட அரங்கில் விளையாடியது. கூரையின் புறவடிவம் பேணப்பட்டு, தரைமட்டம் ஆழமாகத் தோண்டப்பட்டு, இருக்கைகள் 17,072 ஆக உயர்த்தப்பட்டன. கீ வங்கி பெயரிடும் உரிமையை வாங்கியதால் அரங்கு கீ அரீனா எனப்பட்டது. இங்கு முதல் பருவத்திலேயே சோனிக்ஸ் இறுதிச் சுற்றை எட்டி, 1996 இல் சிகாகோ புல்ஸ் அணியிடம் 4–2 எனத் தோற்றது.

கட்டுமானக் கடனை அடைப்பதற்காகச் சொகுசு அறைகள் முதலியவற்றின் வருவாயில் ஒரு பகுதி நகரத்துக்குச் செல்லும் வகையில் 2010 வரையிலான குத்தகை அமைந்திருந்தது. பின்னர் சியாட்டிலில் புதிய பேஸ்பால் அரங்கும் (1999) காற்பந்து அரங்கும் (2002) திறக்கப்பட, சொகுசு அறைகளை வாடகைக்கு எடுத்த நிறுவனங்கள் அங்கும் ஈர்க்கப்பட்டன. 2001 இல் அணியை வாங்கிய ஸ்டார்பக்ஸ் நிறுவனத் தலைவர் ஹோவர்ட் ஷூல்ட்ஸ் குழுவினர், அரங்கை விரிவாக்கப் பொதுப்பணம் கோரினர். என்.பி.ஏ. ஆணையர் டேவிட் ஸ்டெர்னும் அதனை ஆதரித்தார். கோரிக்கை நிறைவேறவில்லை. பத்தே ஆண்டுகளில் ஓர் அரங்கு "பழையதாகி" விட்டதென்றால், பழைமை கட்டடத்தில் இல்லை, கணக்கேட்டில் இருந்தது எனலாம்.

2006 இல் அணி 35 கோடி டாலருக்கு ஓக்லஹோமாவைச் சேர்ந்த கிளே பென்னட் தலைமையிலான குழுவுக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், போதிய வருவாய் திரும்பக் கிடைக்காத நிலையில் தொழில்முறை அணிகளுக்கு நகரம் உதவக்கூடாது என்ற தீர்மானத்தைச் சியாட்டில் வாக்காளர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் ஆதரித்தனர். ரென்டன் நகரில் 50 கோடி டாலர் செலவில் அரங்கு கட்டப் பென்னட் முன்வைத்த திட்டத்தை மாநிலச் சட்டமன்றம் 2007 இல் ஏற்கவில்லை. அணியைச் சியாட்டிலில் வைத்திருப்பதற்காகத் தாங்கள் வாங்கவில்லை என்று இணை உரிமையாளர் ஆப்ரி மெக்லெண்டன் அவ்வாண்டு கூறியதற்காக, என்.பி.ஏ. அவருக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது.

குத்தகைக்காலம் முடியும் வரை அணி இருக்க வேண்டும் என நகரம் வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு வெளிவரவிருந்த 2008 ஜூலை 2 அன்று இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. 4.5 கோடி டாலர் பெற்றுக்கொண்டு நகரம் குத்தகையை விட்டுக்கொடுத்தது. அணியின் பெயரும் வண்ணங்களும் சியாட்டிலுக்கென ஒதுக்கப்பட்டன. அதற்கு முன்பே, 2008 ஏப்ரல் 13 அன்று டல்லாஸ் மேவரிக்ஸ் அணியை 99–95 என வென்றதே சோனிக்ஸ் கீ அரீனாவில் ஆடிய கடைசி ஆட்டமாகும். கெவின் டுரண்ட் அப்போது முதல் பருவ வீரர்.

அணி சென்ற பின்னர்

ஓக்லஹோமா சிட்டியில் அரங்கை மேம்படுத்த விற்பனை வரி விதிக்க 2008 மார்ச்சிலேயே வாக்காளர்கள் இசைந்திருந்தனர். 2023 டிசம்பரில் அவர்கள் குறைந்தது 90 கோடி டாலர் மதிப்பில் மற்றுமொரு புதிய அரங்குக்கும் ஒப்புதல் அளித்தனர்.

சியாட்டிலில் 2018க்கும் 2021க்கும் இடையே, ஏறத்தாழ 20,000 டன் எடையுள்ள கூரையைத் தற்காலிக எஃகுத் தாங்கிகளில் நிறுத்திக்கொண்டு, அதன் அடியில் முற்றிலும் புதிய அரங்கு தோண்டிக் கட்டப்பட்டது. இதற்கான 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட செலவைத் தனியார் நிறுவனமே ஏற்றது. கட்டடம் நகரத்தின் உடைமையாகவே நீடிக்கிறது. கிளைமேட் பிளெட்ஜ் அரீனா என்ற பெயரில் 2021 அக்டோபரில் திறக்கப்பட்ட இவ்வரங்கில் சியாட்டில் கிராக்கன் பனி ஹாக்கி அணி விளையாடத் தொடங்கியது. 2000 முதல் கீ அரீனாவில் ஆடிவந்த மகளிர் கூடைப்பந்து அணியான சியாட்டில் ஸ்டோர்ம் 2022 இல் இங்குத் திரும்பியது. இடிப்புக்கு முன்னர் 2018 அக்டோபர் 5 அன்று கீ அரீனாவில் நடைபெற்ற காட்சி ஆட்டத்தில், அப்போது கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் இருந்த டுரண்ட், முன்னாள் சோனிக்ஸ் வீரர் ஷான் கெம்ப்பின் சட்டையை அணிந்து களமிறங்கினார்.